நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்றார்கள். கணவர் பக்கத்தில் படுப்பதும் தப்பா?

கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 27. திருப்பூரில் இருக்கிறோம். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. போன வருடம் எட்டாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. இப்போது 21 வாரம். நான்காவது மாதத்தில் நானும் கணவரும் ஒரு தடவை ஒன்றாக இருந்தோம். மறுநாள் பிரவுன் நிறத்தில் லேசாகப் பட்டது, அன்றைக்கே நின்றும் விட்டது. பயத்தில் டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. போன வாரம் ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தை நன்றாக இருக்கிறது, நஞ்சு மட்டும் கீழே இருக்கிறது என்றார்கள். டாக்டர், "ஜாக்கிரதையா இரும்மா, ஒண்ணா இருக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து அத்தை என்னைத் தன்னோடு படுக்க வைத்துக்கொள்கிறார். கணவர் என் கையைத் தொடவே பயப்படுகிறார். போன தடவை கலைந்ததும் இதனால்தானோ என்று அவருக்கு மனதில் ஓடுகிறது. எனக்கோ முன்பைவிட இப்போதுதான் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும்போல இருக்கிறது. இந்த நேரத்தில் இப்படி ஆசை வருவது தப்பா? ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் தேனிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். என் ரத்தம் ஓ நெகட்டிவ். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் நீங்கள் காத்திருக்கும் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அவர் பக்கத்தில் தாராளமாகப் படுக்கலாம். கட்டிக்கொள்ளலாம், முத்தம் கொடுக்கலாம், உங்கள் வயிற்றில் கை வைத்து அவர் குழந்தையின் அசைவைத் தேடிப் பார்க்கலாம். ஆசை வருவதில் தப்பு எதுவும் இல்லை. உடலுறவு மட்டும், அதாவது பிறப்புறுப்புக்குள் எதுவும் போவது மட்டும், அடுத்த ஸ்கேன் வரைக்கும் வேண்டாம். காரணம், உங்கள் நஞ்சு இப்போது இருக்கும் இடம். நீங்கள் தப்பு செய்துவிட்டீர்கள் என்பதற்காக இல்லை.

போன வருடக் கரு கலைந்ததைப் பற்றி உங்கள் கணவரும் இதைப் படிக்க வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன். உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தானாகவே கலைந்துவிடுகின்றன. அதில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்துக்குள். அப்படிச் சீக்கிரம் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதியில், மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கையில் கோளாறு இருக்கும். முட்டையோ விந்தணுவோ உருவாகும்போதே, அல்லது இரண்டும் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே அது நடந்து முடிந்துவிடுகிறது. அந்தக் கரு எட்டாவது வாரம் வரை முயன்று பார்த்துவிட்டு நின்றுபோகிறது. அந்த வாரத்தில் நீங்கள் மாடி ஏறினீர்களா, பப்பாளி சாப்பிட்டீர்களா, கணவரோடு இருந்தீர்களா என்பதெல்லாம் அதன் முடிவை மாற்றியிருக்காது. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் உடலுறவால் கரு கலையாது. இதைச் சொல்லாமல் விட்டதால் எத்தனையோ ஆண்கள் ஒரு குற்ற உணர்ச்சியைச் சுமந்துகொண்டு மனைவியைவிட்டுத் தள்ளிப் போகிறார்கள். மனைவியோ அவருக்குத் தன்மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று நினைத்து அழுகிறாள். உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கிறது என்று கடிதத்தைப் படித்தபோது தோன்றியது.

இனி நஞ்சு விஷயம். குழந்தைக்கு உங்கள் உடம்பிலிருந்து சத்தும் ஆக்சிஜனும் கொண்டுபோகும் நஞ்சு, கர்ப்பப்பையின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அது மேல்பக்கம் ஒட்டியிருந்தால் தொல்லை இல்லை. கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்தில், அதாவது வாயின் உள்விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் 'நஞ்சு கீழே இருக்கிறது' என்கிறோம். வாயையே மூடிக்கொண்டிருந்தால் அது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய நிலை. உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இந்த இரண்டில் எது என்று எழுதியிருக்கும், எத்தனை மில்லிமீட்டர் என்றும் பெரும்பாலும் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயப்பட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சு கீழே என்று சொல்லப்படும் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பிரசவ நேரத்துக்குள் அது விலகிவிடும். நஞ்சு நகர்ந்து போவதில்லை. அது ஒட்டிய இடத்தில்தான் இருக்கும். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி கடைசி மாதங்களில்தான் நன்றாக விரிகிறது. ஊதாத பலூனின் வாய்க்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு ஊதினால், புள்ளி வாயைவிட்டுத் தூரம் போய்விடும் அல்லவா, அந்த மாதிரி. அதனால்தான் 32 வாரத்தில் மறுபடியும் ஸ்கேன் பார்க்கச் சொல்வார்கள். அப்போதும் கீழேயே இருந்தால் 36 வாரத்தில் இன்னொரு தடவை பார்த்து, சுகப்பிரசவமா ஆபரேஷனா என்று முடிவு செய்வார்கள்.

அந்த 32 வார ஸ்கேனைப் பெரும்பாலும் உள் ஸ்கேனாகச் செய்வார்கள். பிறப்புறுப்பு வழியாகச் சின்னக் கருவியை வைத்துப் பார்ப்பது. "உடலுறவே வேண்டாம் என்கிறார்கள், கருவியை மட்டும் உள்ளே விடலாமா?" என்று பல பெண்கள் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். அந்தக் கருவி கர்ப்பப்பை வாயைப் போய் இடிப்பதில்லை. சற்று முன்னாலேயே நின்று, சாய்வாகப் பார்க்கிறது. நஞ்சு கீழே இருப்பவர்களுக்கும் அது பாதுகாப்பானது, வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதைவிடத் தூரத்தைத் துல்லியமாகக் காட்டும். வேண்டாம் என்று மறுத்துவிடாதீர்கள்.

உடலுறவு வேண்டாம் என்று ஏன் சொல்கிறோம் என்றால், நஞ்சு வாய்க்கு அருகில் இருக்கும்போது அங்கே நேரடியாக இடித்தாலோ, கர்ப்பப்பை இறுகினாலோ, நஞ்சின் ஓரம் லேசாகப் பிரிந்து ரத்தம் போகலாம். எல்லோருக்கும் போகும் என்று இல்லை. ஆனால் போக ஆரம்பித்தால் சில நேரம் நிறையப் போகும். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு தடவை பட்டிருக்கிறது, ரத்த வகையும் எளிதில் கிடைக்காத ஓ நெகட்டிவ். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் இரண்டரை மாதம் பொறுத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து. விரலும் வேண்டாம், வேறு எந்தப் பொருளும் வேண்டாம். வெளியே தொடுவதால் உச்சம் அடையலாமா என்று சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். உச்சத்தின்போது கர்ப்பப்பை சற்று நேரம் இறுகும். நஞ்சு வாயை மூடியிருக்கிறது அல்லது ரத்தம் பட்டிருக்கிறது என்றால் அதையும் இந்த ஸ்கேன் வரை தள்ளிப்போடச் சொல்வேன். ஓரமாகச் சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது என்றால் உங்கள் டாக்டர் அவ்வளவு கண்டிப்பு காட்ட மாட்டார். அளவு அவர் கையில் இருக்கிறது, அவரிடமே கேளுங்கள்.

நீங்கள் மறைத்த அந்த ஒரு நாள் விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்ப காலத்தில் கர்ப்பப்பை வாயில் ரத்த ஓட்டம் அதிகம், தோலும் மென்மையாகிவிடும். சேர்ந்த பிறகு லேசாகப் படுவது பலருக்கும் நடக்கும். பிரவுன் நிறம் என்றால் பழைய ரத்தம். நஞ்சு கீழே இருந்ததாலும் பட்டிருக்கலாம். எப்படியிருந்தாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை உங்கள் ஸ்கேனே சொல்லிவிட்டது. ஆனாலும் இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அதற்குக் காரணம் உங்கள் ரத்த வகை. நெகட்டிவ் ரத்தமுள்ள அம்மாவின் வயிற்றில் பாசிட்டிவ் குழந்தை இருந்து, குழந்தையின் ரத்தம் சிறிதளவு அம்மாவின் ரத்தத்தில் கலந்துவிட்டால், அம்மாவின் உடம்பு அதை எதிரியாக நினைத்து எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். பெரும்பாலும் அடுத்த குழந்தையைத்தான் அது பாதிக்கும். அதைத் தடுக்கத்தான் ஆன்டி-டி ஊசி. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு ரத்தம் பட்டால் 72 மணி நேரத்துக்குள் அந்த ஊசி தேவையா என்று பார்ப்போம். உங்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. அதற்காகக் கலங்க வேண்டாம். அடுத்த தடவை போகும்போது "நாலாம் மாசம் லேசா பட்டுச்சு, நான் நெகட்டிவ்" என்று சொல்லுங்கள். இன்டைரக்ட் கூம்ஸ் என்ற ரத்தப் பரிசோதனை செய்து, எதிர்ப்புப் பொருள் உண்டாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் 28 வாரத்தில் போடும் ஊசியைப் போட்டுக்கொள்வீர்கள், பிரசவத்துக்குப் பிறகு குழந்தை பாசிட்டிவாக இருந்தால் இன்னொன்று. உங்கள் கணவரின் ரத்த வகையையும் கேட்பார்கள். அவரும் நெகட்டிவ் என்றால் இந்தக் கவலையே தேவைப்படாது. போன வருடம் கரு கலைந்தபோது ஊசி போட்டார்களா என்ற பழைய சீட்டு இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். எப்போது பட்டது என்று கேட்டால், ஒன்றாக இருந்த மறுநாள் என்றே சொல்லலாம். எங்களுக்கு அது காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்பதுபோன்ற தகவல்தான், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் டாக்டர் சொன்னது சரியான அறிவுரைதான். ஆனால் அது முழுமையாகச் சொல்லப்படவில்லை. புறநோயாளிகள் கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை, அது எனக்கும் தெரியும். இருந்தாலும் 'ஒண்ணா இருக்காதீங்க' என்ற ஒற்றை வரியை வீட்டுக்கு எடுத்துப்போனால், ஆளாளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் மாமியாருக்கு அது தனி அறையாகத் தெரிந்தது. உங்கள் கணவருக்கோ கையைக்கூடத் தொடக்கூடாது என்று பட்டது. டாக்டர் சொல்ல வந்தது இது இரண்டுமே இல்லை. கர்ப்ப காலத்தில் யார் எதைக் கூடாது என்று சொன்னாலும் ஏன் என்று கேளுங்கள். எதெல்லாம் கூடாது, எதுவரைக்கும் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். காரணமும் முடிவுத் தேதியும் இல்லாத தடை, பிரசவம் வரைக்கும், சில வீடுகளில் அதற்குப் பிறகும் நீண்டுவிடுகிறது. முடிந்தால் கணவரையும் உள்ளே கூட்டிப் போங்கள். டாக்டர் வாயிலிருந்து அவரே நேராகக் கேட்டால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும். அவரை உள்ளே விடாத மருத்துவமனை என்றால், கேள்விகளை ஒரு துண்டுத் தாளில் எழுதி டாக்டர் முன் வையுங்கள். வாய் திறந்து கேட்கக் கூச்சப்படும் பெண்களுக்கு இது நன்றாக உதவுகிறது.

மாமியார் மேல் கோபம் வேண்டாம். அவர் காலத்தில் ஸ்கேன் எல்லோருக்கும் கிடைத்ததில்லை. யாருக்கு நஞ்சு கீழே இருக்கிறது என்று ரத்தம் போகிறவரை தெரியாது. எல்லோரையும் பிரித்து வைப்பது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு. இன்றைக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல முடிகிறது. இதை நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவர் தன் அம்மாவிடம் சொல்வதுதான் சரி. "டாக்டர்கிட்ட கேட்டுட்டோம்மா, பக்கத்துல படுக்கலாம்னு சொல்லிட்டாங்க, ராத்திரி அவளுக்கு ஏதாவதுன்னா நான்தானே பார்க்கணும்" என்றால் போதும். உண்மையும் அதுதான். ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுத்தால் நீவிவிடவும், ரத்தம் பட்டால் உடனே வண்டி எடுக்கவும் பக்கத்தில் அவர் இருப்பது உங்களுக்குத் தைரியம்.

ஆசையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மசக்கை முடிந்து நான்காம் மாதத்துக்குமேல் உடம்பு தெளியும். இடுப்புப் பகுதிக்கு ரத்த ஓட்டம் கூடியிருக்கும், ஹார்மோன்களும் உச்சத்தில் இருக்கும். அதனால் பல பெண்களுக்கு இந்த மாதங்களில் ஆசை கூடுகிறது. கனவில்கூட வரும். வேறு சிலருக்குப் பிரசவம் முடிந்து பல மாதம் ஆகும்வரை ஆசையே வராது, அதுவும் இயல்புதான். இதை வைத்து நல்ல மனைவி, நல்ல தாய் என்று யாரும் மதிப்பெண் போட முடியாது. தாயாகப் போகிறவளுக்கு இந்த நினைப்பு எதற்கு என்று உங்களுக்கே தோன்றினால், அதை விட்டுவிடுங்கள். குழந்தையை விரும்பும் மனதிலேயே கணவரின் அணைப்பையும் விரும்பலாம், ஒன்று மற்றொன்றைக் குறைப்பதில்லை. உள்ளே போகும் உறவு ஒன்றுதான் நெருக்கம் என்று நினைத்துவிட்டால், அது தடைப்பட்டதும் எல்லாமே தடைப்பட்டதுபோல ஆகிவிடுகிறது. முதுகு நீவிவிடச் சொல்லுங்கள், தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லுங்கள், அவர்மேல் சாய்ந்துகொண்டு பேசுங்கள். அவருக்குத் தேவை இருந்தால், உங்களுக்கும் விருப்பம் இருந்தால், கையால் உதவுவதில் உங்களுக்கோ குழந்தைக்கோ எந்த ஆபத்தும் இல்லை.

உங்களுக்கு இருப்பதுபோன்ற நஞ்சுச் சிக்கல் இல்லாத பெண்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கர்ப்பம் சீராக இருக்கிறது, ரத்தம் படவில்லை, நீர் கசியவில்லை என்றால் கடைசி மாதம் வரை தாம்பத்திய உறவு வைத்துக்கொள்ளலாம். குழந்தையின் மேல் இடிக்குமா, விந்து குழந்தைமேல் படுமா என்று கேட்கிறார்கள். படாது. குழந்தை பனிக்குட நீருக்குள் இருக்கிறது, அதைச் சுற்றிக் கர்ப்பப்பையின் தடித்த தசை, அதன் வாயைக் கெட்டியான சளி அடைத்திருக்கிறது. உறவுக்குப் பிறகு வயிறு சற்று நேரம் கல் மாதிரி இறுகும், அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். குழந்தை அசையாமல் இருப்பதும் துள்ளுவதும் உங்கள் உடம்பின் அசைவுக்கும் இதயத் துடிப்புக்கும் ஏற்ப நடப்பதுதான். அதற்கு என்ன நடக்கிறது என்று தெரியாது.

ஐந்தாம் மாதத்துக்குமேல் மல்லாந்து வெகுநேரம் படுத்தால் கர்ப்பப்பையின் எடை முதுகுப் பக்கம் இருக்கும் பெரிய ரத்தக் குழாயை அழுத்தித் தலை சுற்றும். அதனால் ஒருக்களித்துப் படுத்து அவர் பின்னால் இருப்பதோ, மனைவி மேலே இருந்து வேகத்தைத் தன் கையில் வைத்துக்கொள்வதோ வசதியாக இருக்கும். வலித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் ஆணுறையோடு அதைச் சேர்க்காதீர்கள், எண்ணெய் பட்டால் ரப்பர் கிழிந்துவிடும். வாய்வழி உறவு வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிறப்புறுப்புக்குள் காற்றை ஊதவே கூடாது. அந்தக் காற்று ரத்தக் குழாய்க்குள் புகுந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. கணவரின் உதட்டில் கொப்புளம் இருந்தால் அது ஆறும்வரை அதையும் தவிர்த்துவிடுங்கள். பின்வழியாக உறவு வைத்துவிட்டு அப்படியே முன்வழிக்கு வந்தால் கிருமித் தொற்று வரும். இதையும் யாரும் சொல்லித் தருவதில்லை.

நோய்த்தொற்று பற்றி ஒரு வார்த்தை. கர்ப்பப் பதிவின்போது எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி பரிசோதனை எடுக்கிறார்கள். கணவரும் எடுத்துக்கொள்வது நல்லது. கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொற்று வந்தால் அது குழந்தைக்கும் போகலாம். சந்தேகம் இருக்கிற இடத்தில் ஆணுறை கட்டாயம், கர்ப்பமாகத்தானே இருக்கிறாள், இனி எதற்கு என்று விட்டுவிடக் கூடாது.

எங்கள் அனுமதி இல்லாமல் உறவு வேண்டாம் என்று நாங்கள் சொல்வது சிலருக்குத்தான். நஞ்சு வாய்க்கு அருகிலோ வாயை மூடியோ இருப்பவர்கள், ரத்தம் போய்க்கொண்டிருப்பவர்கள், கர்ப்பப்பை வாயின் நீளம் குறைந்துபோய்த் தையல் போட்டிருப்பவர்கள், குறைமாதத்தில் வலி வந்து அடங்கியவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள். முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்களும் இரட்டைக் குழந்தை சுமப்பவர்களும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. பனிக்குட நீர் கசிவதாகச் சந்தேகம் வந்தாலே உள்ளே எதுவும் போகக் கூடாது.

ஒன்பதாம் மாதம் வந்ததும், "சேர்ந்திருந்தா சீக்கிரம் வலி வரும்" என்று சில வீடுகளில் தலைகீழாகச் சொல்வார்கள். விந்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் இருக்கிறது, வலி வரவைக்க நாங்கள் வைக்கும் மருந்தும் அந்த வகைதான். ஆனாலும் உறவு வைத்துக்கொண்டால் பிரசவம் சீக்கிரம் வரும் என்று ஆய்வுகளில் தெளிவாக நிரூபணமாகவில்லை. விருப்பமிருந்தால் இருக்கலாம், வலி வரவைக்கும் வைத்தியமாக நினைத்துப் பெண்ணை வற்புறுத்த வேண்டாம்.

வற்புறுத்தல் என்றதும் இதையும் எழுதத் தோன்றுகிறது. உங்கள் கணவர் பயந்து ஒதுங்குகிறார். சில பெண்களுக்கு நேர்மாறு: டாக்டர் கூடாது என்ற பிறகும், உடம்பு முடியவில்லை என்று சொன்ன பிறகும் கணவர் கேட்பதில்லை. அவர்களுக்கு நான் சொல்வது, மருத்துவக் காரணம் எதுவும் இல்லாவிட்டாலும், மனமில்லை என்பதே போதுமான காரணம். செக்கப்புக்கு வரும்போது டாக்டரிடமோ கிராம சுகாதார நர்ஸிடமோ தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் துன்புறுத்தலையும் வன்முறை என்றே சொல்கிறது.

பிரசவத்துக்குப் பிறகு என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தாய் வீட்டிலிருந்து திரும்பும்போது கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். ரத்தப்போக்கு நின்று, தையல் ஆறி, உங்களுக்கும் மனம் வர வேண்டும். பொதுவாக ஆறு வாரம் ஆகும். தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் உள்ளே வறட்சி இருக்கும், அது அன்பு குறைந்ததன் அடையாளம் இல்லை. மாதவிலக்கு வரவில்லை, கர்ப்பம் நிற்காது என்று நம்பிவிடாதீர்கள். தாய்ப்பால் மட்டுமே கொடுக்காத பெண்ணுக்கு ஒரு மாதத்துக்குள்ளேயே முட்டை வெளிவர வாய்ப்பு உண்டு. காப்பர்-டி போடுவதா, ஆணுறையா, கருத்தடை ஊசியா என்று பிரசவத்துக்கு முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தேனிப் பயணம். ஏழாம் மாதம் போகிறீர்கள் என்றால் 32 வார ஸ்கேன் அங்கேதான் வரும். அங்கே உங்களைப் புதிதாகப் பார்க்கும் டாக்டருக்கு உங்கள் கதை தெரியாது. ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகைச் சீட்டு, 28 வார ஊசி போட்ட குறிப்பு மூன்றையும் பைலில் முதல் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் இடையில் ரத்தம் எதுவும் பட்டிருந்தால், பயணம் போகலாமா என்று திருப்பூர் டாக்டரிடம் கேட்ட பிறகே கிளம்புங்கள். வலியே இல்லாமல் சிவப்பாக ரத்தம் போனால் நாளைக் காலை பார்க்கலாம் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வயிறு விடாமல் இறுகி வலித்தாலும், நீர் போனாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் அப்படியே. கொஞ்சமாகப் பட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், உங்களுக்கு ஆன்டி-டி கணக்கு வேறு இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் நர்ஸிடம் முதல் வார்த்தையாக, "எனக்கு நஞ்சு கீழ இருக்கு, கைவிட்டுப் பார்க்காதீங்க, நான் ஓ நெகட்டிவ்" என்று சொல்லுங்கள். நஞ்சு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விரல் விட்டுப் பரிசோதித்தால் ரத்தம் அதிகமாகிவிடும்.

32 வாரத்திலும் நஞ்சு விலகவில்லை என்றால், ரத்த வங்கியும் இரவு பகலாக ஆபரேஷன் வசதியும் உள்ள இடத்தில்தான் பிரசவம் பார்க்க வேண்டும். தேனியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே முன்கூட்டியே போய்ப் பதிந்துகொள்ளலாம். ஓ நெகட்டிவ் ரத்தம் கொடுக்கக்கூடிய சொந்தக்காரர்கள், நண்பர்கள் இரண்டு மூன்று பேரை இப்போதே கண்டுபிடித்து அவர்கள் போன் எண்ணை வாங்கி வைக்கும் வேலையை உங்கள் கணவரிடம் கொடுங்கள். ஸ்கேனில் நஞ்சு 2 சென்டிமீட்டருக்குமேல் தள்ளிப் போயிருந்தால், ரத்தமும் படாமல் இருந்தால், உடலுறவுத் தடையை எடுத்துவிடலாமா என்று அந்த டாக்டரிடமே அன்றைக்கே கேளுங்கள். பெரும்பாலும் எடுத்துவிடுவார்.